கழல மறுக்கும் ஆணிகள்

பருத்தித்துறைக் கரையோரத்திலே கடற்காற்று ஓயாமல் வந்து மோதும் ஒரு வீடு. அதன் முற்றத்தில் வேப்பமர நிழலின்கீழ் ஒரு பழைய ஒஸ்ரின் கார் நிற்கின்றது. இயந்திரத்தோடு புகைக்குழாய் பொருந்தும் இடத்தில் ஒழுக்கு ஏற்பட்டிருக்கின்றது. ஓடும்போது புகையின் மணம் காரினுள்ளேயும் வருகின்றது. இரண்டிற்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை மாற்றிவிட்டால் குறை தீரும். தகட்டின் விலையோ சொற்பம். மூன்று நட்டுகளைக் கழற்றிப் பின்னர் பூட்டவேண்டும், அவ்வளவே வேலை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் கை கழுவிவிடலாம் என்று வீட்டுக்காரர் கணக்கிட்டார். புதன்கிழமை அவருடைய தாயாரை யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது.

முதலாவது நட்டு சிறிது முனகிக் கழன்றது. இரண்டாவது அசையவில்லை. வீட்டுக்காரர் ஸ்பானரின் பிடியில் இரண்டடி நீளமான இரும்புக் குழாயொன்றைச் செருகி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். நட்டு திரும்பியது. திரும்பியது மட்டுமன்று, மெழுகிலே திரும்புவதுபோல மிக இலகுவாகத் திரும்பியது. வெற்றி கிட்டியது என்று அவர் எண்ணிய அதே கணத்தில், நட்டும் அதனுள் இருந்த ஆணியின் பாதியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. மூன்றாவது நட்டில் ஸ்பானரை வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இவ்வனுபவம் வீட்டில் தம் காரைத் தாமே பழுதுபார்க்கும் பலருக்கு உரியது. இலங்கையில் இத்தகையோர் தொகை சிறிதன்று. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில், கையிலுள்ள காரைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. வடபகுதியில் 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிட்டாதபோது, சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவ்வகைப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களுமே. மீண்டும் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டிலேயே தனியார் கார்களுக்கு வழி திறக்கப்பட்டது. ஆகவே ஓர் ஆணி முறிவது இந்நாட்டிற் சில குடும்பங்களுக்குச் சிறு செய்தியன்று.

அந்த ஆணி ஏன் முறிந்தது? அதற்கு முன்னர், அது ஏன் இறுகியது என்று பார்த்தல் வேண்டும்.

நூல்வழக்கில் மரையாணி, சுரை என்று கூறப்படுவனவற்றையே வீட்டிலும் பட்டறையிலும் போல்ட், நட்டு என்கின்றனர். புகைக்குழாயைப் பிணைப்பது தலையில்லாத ஆணி; இரு முனையிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். ஒரு முனை வார்ப்பிரும்பினுள் இறுகியிருக்க, மறுமுனையில் நட்டு ஏறும். பட்டறைக்காரர் இதனை ஸ்ரட் என்பர். ஒரு நட்டை இறுக்கும்போது கை செலுத்தும் முயற்சியில் ஏறத்தாழப் பாதி, நட்டின் அடிப்புறம் இரும்பில் உராய்வதிற் செலவாகின்றது. நூற்றுக்கு நாற்பது பங்கு மரைகளின் உராய்விற் போகின்றது. எஞ்சிய பத்துப் பங்கே ஆணியைச் சிறிது நீட்டி இழுத்து, இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கின்றது. ஆணி என்பது உண்மையில் மிகக் கடினமானதொரு வில்லுச் சுருள் போன்றது. இழுபட்டு நிற்பதே அதன் தொழில்.

இதனோடு துருவும் சேர்கின்றது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். மரைகளுக்கு இடையிலுள்ள மயிரிழை போன்ற வெளியிலே இத்துரு பிறந்து, புடைத்து, ஆப்பு இறுக்கியதுபோல நின்றுவிடுகின்றது. கடற்கரையில் உப்பு ஈரத்தை விடாது பிடித்துவைத்திருப்பதால் துரு விரைந்து வளரும். புகைக்குழாயின் நட்டுகளோ நாள்தோறும் நெருப்பிற் காய்ந்து, இரவிற் குளிர்ந்து, பனியில் நனைகின்றன. காரில் உள்ள நட்டுகள் அனைத்திலும் இவையே பிடிவாதம் மிக்கவை.

பழைய கார்களைப் பொறுத்தமட்டில் இன்னொரு காரணமும் உண்டு. அது ஸ்பானர்ப் பெட்டியிற் கிடக்கின்றது. 1841 ஆம் ஆண்டிலே ஜோசப் விற்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், மரையின் கோணம் 55 பாகையாக இருத்தல் வேண்டும் என்று ஓர் ஒழுங்கை வகுத்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு பட்டறையும் தான் விரும்பியவாறு மரை வெட்டியது. அமெரிக்காவில் 1864 இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நேச நாடுகள் பட்ட இடர் பெரிது. அதன் விளைவாக 1948 ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. இதனால் 1950களில் வெளிவந்த ஆங்கிலக் கார்கள் சிலவற்றிற் பழைய முறையும் புதிய முறையும் கலந்து கிடக்கும். விற்வேர்த் ஸ்பானரிற் பொறிக்கப்பட்ட எண் ஆணியின் பருமனைக் குறிக்கும். பின்வந்த அங்குல ஸ்பானரிற் பொறிக்கப்பட்ட எண்ணோ நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலத்தைக் குறிக்கும். ஒரே எண் இரண்டிலும் இருக்கும். ஒன்று மற்றதன் நட்டிற் பொருந்தாது.

மொறிஸ் நிறுவனத்தின் கதை இதனினும் விந்தையானது. அந்நிறுவனம் 1923 இல் வாங்கிய கொவென்ற்றி இயந்திரத் தொழிற்சாலை முன்னர் ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அங்கிருந்த பொறிகள் மீற்றர் அளவில் மரை வெட்டுவன. ஆங்கில மெக்கானிக்குகளின் கையிலோ விற்வேர்த் ஸ்பானர். எனவே மொறிஸின் பழைய இயந்திரங்கள் சிலவற்றில் ஆணியின் தலை விற்வேர்த் ஸ்பானருக்குப் பொருந்தும், மரை மட்டும் பிரெஞ்சு மரையாக இருக்கும். தலையைப் பார்த்து ஏமாந்து, வேறு மரையுள்ள ஆணியை அதனுள் முறுக்கி இறக்கியவர் முப்பது வருடங்களுக்கு முன்னர் செய்த பிழையை இன்று கழற்ற முற்படுபவர் அனுபவிப்பார். இறுகிய ஆணிகள் யாவும் துருவினால் மட்டும் இறுகியவையல்ல.

இன்று பெரும்பாலானோரின் பெட்டியில் உள்ளவை மில்லிமீற்றர் ஸ்பானர்கள். அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீற்றர். அதில் 13 மில்லிமீற்றர் ஸ்பானர் ஏறிவிடும். இலகுவான நட்டைக் கழற்றியும்விடும். இறுகிய நட்டிலே அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளி போதும், ஆறு மூலைகளும் வழுவழுவென்று உருண்டையாகிவிட. ஆகவே கம்பித் தூரிகையினால் துருவையும் மண்ணையும் தேய்த்துப் போக்கி, நட்டின் சரியான அளவு யாதென்று அறிந்தபின்னரே ஸ்பானரை எடுத்தல் வேண்டும். ஆறு மூலையுள்ள சொக்கெற் நட்டின் பக்கங்களைத் தழுவிப் பிடிக்கும். பன்னிரண்டு மூலையுள்ளது பெரிதும் மூலைகளையே பற்றும். திறந்த வாயுள்ள ஸ்பானர் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். வாயை அகட்டியும் ஒடுக்கியும் பிடிக்கும் ஸ்பானரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இறுகிய நட்டின் அருகே அதனைக் கொண்டுசெல்லாதிருத்தலே நன்று.

இனி, முறிந்த ஆணிக்கு வருவோம். எட்டு மில்லிமீற்றர்ப் பருமனுள்ள சாதாரண உருக்கு ஆணியை இறுக்கவேண்டிய முறுக்கு விசை ஏறத்தாழ 25 நியூட்டன் மீற்றர். இரண்டடி, அதாவது 60 சென்ரிமீற்றர் நீளமான குழாயின் நுனியில் ஒருவர் 40 கிலோகிராம் எடையளவு பலத்தோடு இழுத்தால் விளைவது 240 நியூட்டன் மீற்றர். ஏறக்குறையப் பத்து மடங்கு! அவ்வளவு விசையை அந்த மெல்லிய ஆணி எவ்வாறு தாங்கும்? நட்டு மெழுகுபோலத் திரும்பியதாக வீட்டுக்காரர் உணர்ந்தாரே, அப்போது திரும்பியது நட்டன்று, ஆணியே முறுகிக்கொண்டிருந்தது. கழலும் நட்டு கீச்சென்று ஒலியெழுப்பி, இறுகி, சிறிது விட்டு, மீண்டும் இறுகி வரும். ஒலியின்றி இளகி வருவது முறியப்போகும் ஆணி. அந்த இளக்கத்தைக் கை உணர்ந்தவுடன் நிறுத்தியிருந்தால் ஆணி ஒருவேளை தப்பியிருக்கும்.

சக்கரத்து நட்டுகளின் நிலை வேறு. அவற்றின் ஆணிகள் பருத்தவை; சிறிய கார்களில் 100 நியூட்டன் மீற்றரளவு இறுக்கப்படுபவை. அங்கே நீண்ட பிடி தீங்கு செய்வதில்லை. 25 சென்ரிமீற்றர்ப் பிடியில் 40 கிலோகிராம் எடையளவு பலம் வேண்டிய இடத்தில், ஒரு மீற்றர்ப் பிடியிற் பத்துக் கிலோகிராம் போதுமானது. சக்கரம் நிலத்தில் இருக்கும்போதே அவற்றை முதலில் இளக்கிவிட்டு, அதன் பின்னரே காரை உயர்த்தல் வேண்டும்.

காரின் கீழ் படுத்து வேலை செய்வோர் இங்கே ஒரு கணம் நிற்கவேண்டும். ஜாக்கி காரைத் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. இறுகிய நட்டை இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் காரையும் அசைக்கின்றது. பலர் துணைக்கு வைக்கும் சீமெந்துக் கற்கள் விரிசல் காட்டாமலே நொறுங்குவன. உருக்குத் தாங்கிகளோ அகலமான மரக்குற்றிகளோ இன்றி எவரும் கீழே போகலாகாது. ஸ்பானரைத் தள்ளுவதினும் தன்பக்கம் இழுப்பது மேல். தள்ளியே ஆகவேண்டிய இடத்தில் விரல்களை மடக்காது உள்ளங்கையால் தள்ளினால், வழுக்கும்போது முட்டிகள் தப்பும்.

வீட்டுக்காரருக்கு அயலிலே ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். தொழிலை விட்டு ஓய்ந்தவர்.

“அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று வீட்டுக்காரர் அழைத்தார்.

முதியவர் வந்து, குனிந்து பார்த்து, முறிந்த துண்டைக் கையில் எடுத்து உருட்டினார். “குழாய் போட்டனீரோ தம்பி?” என்றார். பதில் வரவில்லை. “சரி, மற்றதை இண்டைக்குத் தொடாதையும். திங்கட்கிழமை பாப்பம்” என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவரச் செய்தார்.

துருவினுள் ஊறிச்செல்லும் எண்ணெய்கள் கடைகளிற் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. அவை மிக மெல்லிய எண்ணெய்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மரையின் இடுக்கினுள் தாமே ஏறுவன. பலர் கையில் இருக்கும் டபிள்யூ. டி. 40 என்பது 1953 இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், நீரை அகற்றித் துருவைத் தடுக்கும் பொருட்டு ஆக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியிற் கைகூடியதால் அப்பெயர் பெற்றது. அவசரத்துக்கு உதவுமாயினும், துருவில் ஊறுவதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய் அதனிலும் மேலானது. டீசலும் மண்ணெண்ணெயும் ஏழையின் துணை. வேலை செய்யும், காலம் மட்டும் கூட எடுக்கும். எந்த எண்ணெயாயினும் அதனைத் தெளித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பானரை எடுப்பவருக்கு அது பயன்படுவதில்லை. ஒரு மயிரிழை வழியாக, துருவை ஊடுருவி, பத்து மில்லிமீற்றர் ஆழம் அது செல்லவேண்டும். காலையும் மாலையும் சில துளிகளாக இரண்டு நாட்கள் இட்டால், வேலை செய்பவர் உறங்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எண்ணெயோடு தட்டலும் சேர்தல் வேண்டும். நட்டின் பக்கங்களிலே சிறு சுத்தியலாற் பல முறை அளவாகத் தட்டினால், துருவின் பிணைப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றின் வழியே எண்ணெய் இறங்கும். ஆணியின் நுனியில் ஓங்கி அடித்தால் மரை நசுங்கி, பின்னர் நட்டு வெளியே வரமுடியாது. ஸ்பானரின் பிடியிற் சுத்தியலாற் குறுகிய தட்டுகள் கொடுப்பதும் நல்ல முறை. நீண்ட இழுப்பு ஆணியை முறுக்குகின்றது. குறுகிய தட்டோ ஆணி முறுக ஆரம்பிக்கும் முன்னரே துருவை அதிர்க்கின்றது. கராஜ்களில் அதிர்வுப் பொறிகள் எளிதிற் கழற்றுவதன் இரகசியம் இதுவே.

அடுத்த முறை விசித்திரமாகத் தோன்றும். கழற்றுவதற்கு முன்னர் நட்டை இறுக்கும் பக்கமாக ஓர் அணுவளவு திருப்பிப் பார்த்தல். துருவின் பிணைப்பு எப்பக்கம் உடைந்தாலும் உடைந்ததே. உடைந்தபின் கால் திருப்பு வெளியே, சிறிது உள்ளே, எண்ணெய், மீண்டும் வெளியே என்று போய்வரவேண்டும். தொடர்ந்து ஒரே மூச்சிற் கழற்றினால், உதிர்ந்த துருப்பொடி மரையினுள் திரண்டு நட்டைப் பாதிவழியில் மீண்டும் பூட்டிவிடும். அங்கே முறியும் ஆணிகளும் பல.

எப்பக்கம் கழலும் என்பதையும் நிச்சயித்துக்கொள்ளல் நன்று. துவிச்சக்கர வண்டியின் இடப்பக்கத்து மிதியின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதை வண்டி ஓட்டுவோர் அறிவர். கார்களிலும் இது உண்டு. அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் பல ஆண்டுகள் வரை எதிர் மரை கொண்டவையாகவே வந்தன. கழற்றுவதாக எண்ணி அவற்றை மேலும் இறுக்கி, ஆணியை முறித்துவிட்டு, மரை கழன்றது ஆணிக்கா தமக்கா என்று திகைத்தவர்கள் உண்டு.

இவையெல்லாம் பயனற்றுப்போனால் எஞ்சுவது வெப்பம். ஒரு மீற்றர் நீள இரும்பு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். பத்து மில்லிமீற்றர்த் துளையுள்ள நட்டு 200 பாகை கூடுதலாகச் சூடேறும்போது துளை 0.024 மில்லிமீற்றர் விரிகின்றது. கண்ணுக்குத் தெரியாத இவ்வளவே துருவின் ஆப்பை இளக்கப் போதும். நட்டை விரைந்து சூடாக்கவேண்டும், ஆணி குளிர்ந்திருக்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே சூடாக்கினால் இரண்டும் விரிந்து பயன் குன்றும். சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரையினுள் இழுபட்டுச் செல்லும். பழைய பட்டறைகளின் வழக்கம் இது. ஆயின் பெற்றோல்த் தாங்கிக்கும் அதன் குழாய்களுக்கும், பிரேக் எண்ணெய் செல்லும் றப்பர்க் குழாய்களுக்கும் அருகிற் சுவாலை கொண்டுசெல்வது உயிரோடு விளையாடுவதாகும். குளோரின் கலந்த துப்புரவுத் திரவம் தெளித்த பாகத்தைச் சூடாக்கினால் பொஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு பிறக்கலாம் என்பதையும் பலர் அறியார்.

அந்தப் பருத்தித்துறை வீட்டிலே சுவாலைக்குத் தேவை ஏற்படவில்லை. புகைக்குழாயின் நட்டுக்கு இயந்திரமே அடுப்பு. ஞாயிறும் திங்களும் மாலை வேளைகளில், முதியவர் சொற்படி, இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினர். அது திறந்த முற்றத்திலேயே நடந்தது. புகை ஒழுகும் காரை மூடிய கொட்டகையினுள் ஓடவிட்டால், மணமற்ற காபன் மொனொக்சைட் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். நட்டின் அருகே கையைத் தாங்கமுடியுமளவு சூடு தணிந்தபின்னரே எண்ணெய் இட்டனர். மண்ணெண்ணெய் 200 பாகையைச் சற்றுக் கடந்த வெப்பத்திற் பொறியின்றியே தீப்பற்றக்கூடியது. ஓடிய இயந்திரத்தின் புகைவாயோ அதனினும் சூடானது. நட்டு குளிர்ந்து சுருங்கும்போது எண்ணெய் உள்ளே இழுபட்டது.

திங்கட்கிழமை மாலை முதியவர் தாமே ஆறு மூலைச் சொக்கெற்றைப் பொருத்தி, ஒரு சாண் நீளப் பிடியோடு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். பின்னர் மறுபக்கம் ஒரு தட்டு. “கீச்” என்றொரு சிறிய ஒலி. முதியவர் நிறுத்திவிட்டு எண்ணெய் கேட்டார். நட்டு கழன்று வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆணி முழுதாக நின்றது.

முறிந்த ஆணியின் கதை எஞ்சியிருந்தது. நல்வினைப் பயனாக அது வெளியே அரை விரலளவு நீட்டிக்கொண்டிருந்தது. வார்ப்பிரும்பின் மட்டத்தோடு முறிந்திருந்தால், அதன் நடுவிலே துளையிட்டு, எதிர் மரையுள்ள பிடுங்கியை இறக்கவேண்டும். அப்பிடுங்கி மிகக் கடினமான உருக்கினால் ஆனது. உள்ளே அதுவும் முறிந்தால் சாதாரண துறப்பணம் அதனைத் தொடாது. அந்நிலையில் இயந்திரத்தின் புகைவாயையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவதன்றி வழியில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் முறிவுக்கு எளிய வழி உண்டு. அதன்மேல் ஒரு புதிய நட்டை வைத்து, துளையின் உட்புறத்தால் இரண்டையும் ஒட்டவைப்பது. ஒட்டும்போது எழும் வெப்பமே பாதித் துருவை உடைத்துவிடும். புதிய நட்டில் ஸ்பானர் வைத்துத் திருப்ப, ஆணி முழுவதும் வெளியே வரும். இது வீட்டில் இயலும் வேலையன்று. செவ்வாய்க்கிழமை காலை காரைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோயினர். அங்கே பற்றறியின் இணைப்பைக் கழற்றி, பெற்றோல்க் குழாயை மறைத்து, கால் மணி நேரத்தில் வேலையை முடித்தனர். அக்கூலி அடைப்புத் தகட்டின் விலையைப் பன்மடங்கு கடந்தது.

பூட்டும்போது முதியவர் இரும்பு நட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பித்தளை நட்டுகளை வாங்குவித்தார். பித்தளை இரும்புபோலத் துருப்பிடிப்பதில்லை. ஆகவே அது புகைவாயின் ஆணியோடு எளிதில் ஒன்றிப்போகாது. மரைகளில் வெப்பந்தாங்கும் செம்புப் பசையும் சிறிது பூசப்பட்டது. அப்பசையைச் சக்கரத்து ஆணிகளுக்கும் பூசிவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்க, முதியவர் மறுத்துவிட்டார். சக்கரத்து நட்டுக்கு விதித்த இறுக்கம் உலர்ந்த மரைக்கு விதித்தது. பசை உராய்வைக் குறைப்பதால், அதே முறுக்கு விசையில் ஆணி அளவுக்கு மீறி இழுபடும்.

புதிய தகடு வைத்து, மூன்று நட்டுகளையும் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்கினர். இயந்திரத்தை ஓடவிட்டு, நன்றாகக் குளிரவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கின் ஒளியில் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தனர். தகடு நசுங்கி அமர்ந்ததால் மூன்றும் கால் திருப்பு ஏற்றன. புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் தாயார் பின்னாசனத்தில் ஏறி அமர்ந்து, “இண்டைக்குப் புகை மணக்கேல்லை” என்றார். முறிந்த ஆணித் துண்டு நட்டோடு சேர்ந்தபடியே ஒரு பால்மாத் தகரத்தில் மண்ணெண்ணெயினுள் கிடந்தது. முதியவர் அதனை எறிய விடவில்லை.